முன்முற்றத்துப் பிள்ளையாரும் சங்கத்திலிருந்து வந்த கடிதமும்

டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே நாங்கள் வீடு வாங்கியபோது, முன்புறப் புல்வெளியில் எதை வைப்பதானாலும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி நாங்கள் கையெழுத்திட்ட தாள்களிலேயே இருந்தது. அந்தப் பக்கங்களை நான் வாசிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, இரண்டடி உயரக் கருங்கல் பிள்ளையாரைத் தெருவைப் பார்த்தபடி அமர்த்தி, தினமும் அருகம்புல் சாத்தி வந்தார்.

ஒரு மாதத்தில் பதிவுத் தபால் வந்தது. அனுமதியின்றி வைக்கப்பட்ட அலங்காரப் பொருளை அகற்ற வேண்டும், தவறினால் அபராதம் என்று அதில் இருந்தது. இணைத்திருந்த விதியில் பிளாஸ்டிக் பூநாரை, குள்ளர் பொம்மை ஆகியவற்றோடு சிலைகளும் ஒரே வரியில் இருந்ததைப் படித்துச் சொன்னபோது அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன.

அன்றிரவே சட்டத்தைத் தேடிப் படித்தேன். டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 202.018ஆம் பிரிவு, 2011இல் வந்தபோது, வாசற்கதவிலும் நிலையிலும் மொத்தம் 25 சதுர அங்குலத்துக்கு மேற்படாத சமயச் சின்னங்களுக்கு மட்டுமே பாதுகாப்பளித்தது. 2021இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கி, உண்மையான சமய நம்பிக்கையால் வைக்கப்படும் பொருள்களுக்கு வீடு, மனை முழுவதிலும் இடமளித்தது. கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேரில் விளக்கமளிக்கக் கோரலாம் என்பதால், உடனே எழுதிக் கேட்டேன்.

கூட்டத்தில் சிலையைப் பற்றிய ஆட்சேபத்தைக் குழுவினர் கைவிட்டனர். ஆனால் நில அளவை வரைபடத்தை விரித்துக் காட்டியபோதுதான், மின்கம்பியும் குழாய்களும் பதிப்பதற்கென ஒதுக்கப்பட்ட பட்டைக்குள் பிள்ளையார் அமர்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அத்தகைய பட்டையை மீறி வைப்பதற்கு அந்தச் சட்டம் பாதுகாப்புத் தராது. அதில் அவர்கள் சொன்னது சரி என்றே இன்றும் கருதுகிறேன். நான்கு பேர் சேர்ந்து சிலையை ஆறடி உள்ளே நகர்த்தினோம். புல்வெளியில் எதை வைக்க நினைப்பவரும் முதலில் அந்த வரைபடத்தை எடுத்து, நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

தீபாவளி விளக்குச் சரத்துக்கு இரண்டு வாரம் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்டோம், கிடைத்தது. அரிசிமாக் கோலத்தை இதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை.

அடுத்ததாகச் சிமெண்டுப் பீடத்துடன் துளசி மாடம் கட்ட அம்மா விரும்புகிறார். அதைச் சமயப் பொருளாகப் பார்க்காமல் கட்டுமானமாகக் கருதி உங்களில் எவரிடமேனும் சங்கத்தினர் வரைபடம் கேட்டிருந்தால், அந்த அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.