எப்பவும் அசதியா இருக்கவங்களுக்கு உப்புத்தண்ணி போதுமா, ஹார்மோன் பாக்கணுமா?

கோவை_சைக்கிள்
வணக்கமுங்க. 2021 ரெண்டாவது அலைல கொரோனா வந்து பொழச்சவன், வயசு 39. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமையானா மருதமலை அடிவாரம் வரைக்கும் சைக்கிள் மிதிப்பேன், இப்ப மாடிப்படி ஏறுனா கட்டில தேடறேன். மூணு டாக்டர் பாத்தாச்சு. சோடியம் 137, பொட்டாசியம் 4.2, தைராய்டு, சுகர் எல்லாம் நார்மல்னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. போன வருஷம் ஆன்லைன்ல ஒரு வெல்னஸ் கோச்சுகிட்ட பேசுனேன், ஒரே நாள்ல நாலு தடவை எச்சில் எடுத்து கார்டிசோல்ங்கிற ஹார்மோனப் பாத்துட்டு, இது அட்ரினல் ஃபட்டீக், அதச் சுரக்கற, கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பி ஓஞ்சு போச்சு, அதான் உப்பு உடம்புல தங்க மாட்டேங்குதுன்னாங்க. தினம் ரெண்டு பாக்கெட் எலக்ட்ரோலைட் பவுடர், அஸ்வகந்தா கேப்ஸ்யூல், மதியம் உப்பு தூக்கலா மோர். ரெண்டே மாசத்துல பாதிக்குப் பாதி தேறிட்டனுங்க. எங்கம்மாவுக்கும் அதே பவுடர் குடுக்கறேன், அவங்களுக்கும் அசதிதான். லேப் ரிப்போர்ட்ட மட்டும் நம்பி உக்காந்திருக்காதீங்க, ஒரு மாசம் உப்பு குடிச்சுப் பாருங்கன்னு சொல்லத்தான் எழுதறேன்.

லேப்காரன்_திருச்சி
ப்ரோ, நீங்க தேறுனது சந்தோஷம். ஆனா சொன்ன காரணத்த என்னால விட முடியல, 14 வருஷமா லேப்ல ரத்தம் பாக்குறவன் நான். அட்ரினல் ஃபட்டீக்னு ஒரு வியாதியே கிடையாது. 2016ல பிரேசில்ல ரெண்டு டாக்டருங்க 58 ஆய்வ ஒண்ணா வச்சுப் பாத்து, அப்படி ஒண்ணு இருக்குறதுக்கு ஆதாரமே இல்லன்னு எழுதிட்டாங்க. நெஜமாவே அட்ரினல் செயலிழந்தா அதுக்குப் பேரு அடிசன் நோய், 1855லயே லண்டன்ல தாமஸ் அடிசன் எழுதி வச்சது, நம்ம ஊர்ல டிபி அந்த சுரப்பிய அரிச்சும் அது வரும். அதுல சோடியம் எறங்கும், பொட்டாசியம் ஏறும், பிரஷர் படுத்துரும், எடை கொறையும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்துப்போகும். உங்களுக்கு 137, 4.2. சோடியம் 135லேர்ந்து 145க்குள்ள இருந்தா நார்மல், பொட்டாசியம் 3.5லேர்ந்து 5. இல்லாத பள்ளத்துக்கு எதுக்கு மண்ணு கொட்டுறீங்க? இன்னொண்ணு, அஸ்வகந்தா கார்டிசோலக் கொறைக்கும்னு சொல்லித்தான் விக்கவே செய்றாங்க. கார்டிசோல் கம்மின்னு சொன்ன ஆளுக்கே அதக் குடுத்தா என்ன கணக்கு அது?

களைப்பாறாதவள்
லேப் அண்ணா, அட்ரினல் ஃபட்டீக் பத்தி சொன்னது சரி. ஆனா சோடியம் 137, அதனால உப்பு வேஸ்ட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் சறுக்கிட்டீங்க. அந்த 137 ஒரு லிட்டர்ல எவ்ளோ உப்புங்கிற கணக்கு மட்டும்தான். குடத்துல எவ்ளோ தண்ணி இருக்குன்னு அது சொல்லாது. ரத்தத்தோட மொத்த அளவே கம்மியா இருந்தாலும் சோடியம் அழகா 137தான் காட்டும்.

எனக்கு 2019ல டெங்கு வந்தப்புறம் ஆரம்பிச்சது. ஒரு நாள் துணி துவைச்சா மறுநாளும் அதுக்கு மறுநாளும் எழுந்திரிக்க முடியாது, தூங்கி எழுந்தாலும் தூங்குன மாதிரியே இருக்காது, பேசிட்டிருக்கும்போதே வார்த்தை மறந்துடும். ஆறு மாசத்துக்கு மேல இப்படி இருந்து வேற காரணமும் கிடைக்கலன்னா அதத்தான் எம்இ சிஎஃப்எஸ்னு சொல்றாங்க, 2015ல அமெரிக்காவுல போட்ட வரையறைல அந்த மறுநாள் விழுறதுதான் முக்கியமான அடையாளம். என்ன படுக்க வச்சு நாடி பாத்தப்ப 74, எழுந்து நின்னு பத்து நிமிஷத்துல 118. பெரியவங்களுக்கு 30க்கு மேல ஏறி, பிரஷர் எறங்காம, மாசக்கணக்கா இப்படியே இருந்தா அதுக்குப் பேரு பாட்ஸ். என் கார்டியாலஜி டாக்டர்தான் உப்பும் தண்ணியும் கூட்டச் சொல்லி, காலுக்கு இறுக்கமான சாக்ஸும் எழுதிக் குடுத்தாங்க. 1995லயே அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில 23 சிஎஃப்எஸ் பேஷன்ட்ட சாய்ப்பு மேஜைல நிக்க வச்சுப் பாத்ததுல 22 பேருக்கு பிரஷர் கோளாறு தெரிஞ்சிருக்கு.

கோவை_சைக்கிள்
அதத்தானுங்க நானும் சொல்றேன்! பேரு வேணா தப்பா இருக்கட்டும், உப்பு வேலை செய்யுதில்ல?

களைப்பாறாதவள்
செய்யுது, ஆனா முழுசா இல்ல. அதையும் சொல்லித்தான் ஆகணும். அதே ஹாப்கின்ஸ் ஆளுங்க உப்பப் புடிச்சு வைக்கிற ஃபுளூட்ரோகார்டிசோன் மாத்திரைய 100 பேருக்கு சோதிச்சு 2001ல வெளியிட்டாங்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் அவங்களுக்கும் வித்தியாசமே தெரியல. மக்னீசியமும் அப்படித்தான், 1991ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்தப்ப ஊசி போட்டு 15 பேர்ல 12 பேரு தேறுனாங்கன்னு இருந்துச்சு, அப்புறம் பாத்த வேற குழுக்களுக்கு சிஎஃப்எஸ் ஆளுங்ககிட்ட மக்னீசியம் கொறைவே தெரியல. உப்பு எனக்கு நிக்கிறதுக்கு ஒத்தாசை பண்ணுது, அவ்ளோதான். வியாதி அங்கயேதான் இருக்கு.

உப்புக்காத்து_தூத்துக்குடி
ரெண்டு நாளா வாசிச்சிட்டு பேசாம இருந்தேன், இனி முடியாது. நாங்க உப்பளத்துக்காரங்க, எங்க வீட்டுல உப்புக்கா பஞ்சம்? எங்க அண்ணி 2014ல ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் நிக்காம போயி ஆறு பாட்டில் ஏத்தித்தான் உசுரு தப்புனாவ. அன்னைலேர்ந்து அசதி. சும்மா அசதி இல்ல, சோத்துப்பானைய எறக்கி வைக்கவே ரெண்டு தடவ உக்காருவாவ. வருசத்துக்கு ஒருக்கா மயங்கி விழுவாவ, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனா சோடியம் 118, 121ன்னு இருக்கும், சலைன் ஏத்தி, வீட்டுல உப்பு சேத்துக் குடுங்கன்னு அனுப்பிருவாங்க. நாங்களும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸு, கஞ்சித்தண்ணி, ஓஆர்எஸ்ன்னு ஏழு வருசம் ஊத்துனோம். ஏழு வருசம்!

2021ல ஒரு ஹார்மோன் டாக்டரம்மா, ரிப்போர்ட்டக் கூட பிரிக்கல, பிள்ளைக்கு பால் சுரந்துச்சான்னு கேட்டாங்க. சுரக்கல. அப்புறம் மாசக்குளியல் வந்துச்சா. வரவே இல்ல. நாங்க அத ரத்தம் போனதால வந்த சீணம்னே நெனச்சிருந்தோம், மாமியாவும் ஒடம்பு தேறட்டும்னு விட்டுட்டாவ. காலைல எட்டு மணி கார்டிசோல் 1.8, ரொம்பக் கம்மி. எம்ஆர்ஐல, மூளைக்கு அடில இருந்து மத்த சுரப்பிகள வேலை வாங்குற பிட்யூட்டரி சுரப்பி சுருங்கி அந்தக் குழியே காலியாக் கெடக்கு. பிரசவத்துல ரத்தம் நெறைய போயி பிட்யூட்டரி கெட்டுப்போற ஷீஹான் சிண்ட்ரோம்னாங்க, 1937லயே எழுதி வச்ச வியாதி.

லேப் அண்ணாச்சி, இதுல ஒங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கு. நீங்க சொன்ன அடையாளத்துல சோடியம் எறங்குனதத் தவிர பொட்டாசியமும் கறுப்பும் அண்ணிக்குப் பொருந்தாது. பொட்டாசியம் 4.1. ஒடம்பு கறுக்கல, வெளுத்துப் போயி இருந்தாவ. தைராய்டுக்கு டிஎஸ்எச் 2.1, அத வச்சு மூணு பேரு நார்மல்னு எழுதிருக்காங்க. தைராய்டு சுரக்குற ஹார்மோனான ஃப்ரீ டி4 பாத்தாத்தான தெரியுது தரைல கெடக்குன்னு. ஒங்க லிஸ்ட்ட நம்பிருந்தா இன்னும் ஏழு வருசம் போயிருக்கும்.

லேப்காரன்_திருச்சி
அக்கா, நீங்க சொல்றது சரி, நான் எழுதுனது பாதிதான். அட்ரினலே கெட்டா, உப்பப் புடிச்சு வச்சு பொட்டாசியத்த வெளிய தள்ளுற ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் போயிரும், அப்பத்தான் பொட்டாசியம் ஏறும். பிட்யூட்டரி கெட்டா அட்ரினல்ல கார்டிசோல் மட்டும்தான் போகும், ஆல்டோஸ்டிரோன சிறுநீரகம் ரெனின்ங்கிற தன்னோட சுரப்பு வழியா பாத்துக்கும், அதனால பொட்டாசியம் நார்மலாவே நிக்கும். கார்டிசோல் இல்லன்னா உடம்பு தண்ணிய வெளிய விடாது, அதனால சோடியம் நீத்துப்போய் எறங்குது, எவ்ளோ உப்பு போட்டாலும் நிக்காது. டிஎஸ்எச் பிட்யூட்டரி அனுப்புற ஆர்டர்தானே, ஆர்டர் போடுற ஆபீசே மூடிக்கெடக்கும்போது அந்த நம்பர வச்சு என்ன முடிவு பண்றது.

ஒண்ணு கேக்கணும், அவங்களுக்கு முதல்ல எந்த மாத்திரை ஆரம்பிச்சாங்க?

உப்புக்காத்து_தூத்துக்குடி
கார்டிசோலுக்கு பதிலா குடுக்குற ஹைட்ரோகார்டிசோன் மொதல்ல. அது உள்ள போக ஆரம்பிச்ச அப்புறம்தான் தைராய்டு மாத்திரை. மாத்திக் குடுத்தா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா பேப்பர்ல கோடு போட்டே எழுதுனாங்க. நாலே நாள்ல அண்ணி தானா எந்திச்சு கோலம் போட்டாவ, எங்க அண்ணன் வாசப்படில உக்காந்து அழுதான்.

கோவை_சைக்கிள்
அக்கா, படிச்சு மனசு கனத்துப்போச்சு. ஆனா நான் ஆம்பள, எனக்கு ஷீஹான் வராதுங்களே. எல்லாரும் ஹார்மோன் டாக்டர்கிட்ட போக முடியுமாங்க, எங்கூர்ல டோக்கன் கெடைக்கவே ஒரு மாசம் ஆகுது. உப்பு மோருக்கு என்ன செலவு?

லேப்காரன்_திருச்சி
மோருக்கு நான் எதிரி இல்ல ப்ரோ. ஒரு கேள்விக்கு மட்டும் மறைக்காம பதில் சொல்லுங்க. கொரோனா சமயத்துல ஸ்டீராய்டு குடுத்தாங்களா? அதுக்கப்புறம் முதுகுவலி மூட்டுவலின்னு மெடிக்கல்ல சில்லறையா செட் மாத்திரை வாங்கிப் போட்டீங்களா? யாராவது குடுத்த சூரணம், பொடி?

கோவை_சைக்கிள்
ஆஸ்பத்திரில பத்து நாள் டெக்ஸாமெத்தசோன் போட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் முதுகு வலின்னு பக்கத்து மெடிக்கல்ல வாங்குனேன், மூணு மாத்திரை சேத்து கவர்ல போட்டுக் குடுப்பாங்க, அதுல ஒரு குட்டி வெள்ளை. அஞ்சாறு மாசம் போட்டிருப்பேன். நல்லா பசிக்கும், முகம் உப்பலா இருந்துச்சு. வயித்தெரிச்சல்னு டக்குன்னு நிறுத்திட்டேன். அசதி அதுக்கப்புறம்தான் ஜாஸ்தி ஆச்சுங்க, இப்ப யோசிச்சாத்தான் தெரியுது.

லேப்காரன்_திருச்சி
அந்தக் குட்டி வெள்ளை என்னன்னு எனக்கு உறுதியாத் தெரியாது. ஆனா பசி, முக உப்பல் ரெண்டும் சேந்தா ஸ்டீராய்டு சந்தேகம் வரணும். ஸ்டீராய்டு கார்டிசோல் மாதிரியே வேலை செய்யும், வெளிலேர்ந்து மாசக்கணக்கா அது போனா உள்ள கார்டிசோல் சுரக்கிறது தூங்கிரும், சட்டுன்னு நிறுத்துனா முழிச்சுக்க மாசக்கணக்கு ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல. இது அட்ரினல் களைப்பு இல்ல, சுரப்பி அடங்கிப்போறது. ரத்தப் பரிசோதனைல தெரியும், வைத்தியமும் இருக்கு. எச்சில் கிராஃப் போட்ட கோச் இத ஒரு வார்த்தை கேட்டாங்களா?

இன்னொண்ணு, அம்மாவுக்கு என்ன மாத்திரை ஓடுது?

கோவை_சைக்கிள்
கேக்கலீங்க. அம்மாவுக்கு பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், சுகருக்கு மெட்ஃபார்மின்.

லேப்காரன்_திருச்சி
பவுடர இன்னைக்கே நிறுத்துங்க. டெல்மிசார்ட்டன் பொட்டாசியத்த உள்ளயே புடிச்சு வைக்கும், உங்க பாக்கெட்லயும் பொட்டாசியம் இருக்கும், சுகர் இருக்கிறவங்களுக்கு கிட்னி லேசா தளந்திருந்தாலும் ஏறிரும், ஏறுனா அடி விழுறது இதயத்துல. பிரஷர்காரங்களுக்கு உப்பும் ஆகாது. இளநியும் வேண்டாம், அதுல சோடியம் கொஞ்சம்தான், பொட்டாசியம்தான் நெறைய. கிட்னிக்கு கிரியாட்டினினும், சோடியம் பொட்டாசியத்துக்கு எலக்ட்ரோலைட்டும் உடனே பாருங்க. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா ஓடுனா பி12 கொறையும், அசதிக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

களைப்பாறாதவள்
லேப் அண்ணா, ஒரே ஒரு விஷயத்துல இன்னும் உங்ககூட எனக்கு சண்டை இருக்கு. கார்டிசோல் நார்மல்னு வந்துட்டா அவருக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடாது, நின்னு பத்து நிமிஷம் நாடியும் பாக்கணும். அதே மாதிரி கார்டிசோல் லேசா கம்மியா இருக்குன்னு ஸ்டீராய்டு போடவும் ஓடக்கூடாது. சிஎஃப்எஸ் ஆளுங்களுக்கு 1998ல ஹைட்ரோகார்டிசோன் குடுத்துப் பாத்தப்ப கொஞ்சம் தெம்பு வந்துச்சு, ஆனா சொந்த சுரப்பு அடங்கிப்போச்சு, வேண்டாம்னு விட்டுட்டாங்க. எனக்கும் எல்லா டெஸ்ட்டும் நார்மல்தான். நார்மல்ங்கிற அந்த வார்த்தைய வச்சே மூணு வருஷம் என்ன சோம்பேறின்னாங்க, எங்கம்மா உட்பட.

லேப்காரன்_திருச்சி
ஒத்துக்கிறேன்மா. அந்த நாடி டெஸ்ட் பத்தி எனக்குத் தெரியாம இருந்துச்சு.

உப்புக்காத்து_தூத்துக்குடி
தம்பி சைக்கிளு, கார்டிசோல் காலைல எட்டு மணிக்கே குடுக்கணும், பதினோரு மணிக்குப் போயி நின்னா அந்த நம்பர் பிரயோசனப்படாது. வாந்தி, கிறுகிறுப்பு, காய்ச்சல்னு வந்தா டோக்கனுக்கு காத்திருக்காத, நேரா எமர்ஜென்சிக்குப் போயி ஸ்டீராய்டு போட்டு நிறுத்துனவன்னு மொதல்ல சொல்லு.

கோவை_சைக்கிள்
சரிங்கக்கா. அம்மாவுக்கு பவுடர நிறுத்தியாச்சு, அவங்களுக்கு இன்னைக்கே ரத்தம் குடுத்துட்டு வந்துட்டோம். நாளைக்கு எட்டு மணிக்கு என்னோடது. என்னோட உப்பு மோர மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டனுங்க, எனக்கு அதுல தெம்பு தெரியுது. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஒண்ணு ஓடுது, அதனால ஏதாவது ஆகுமா?

லேப்காரன்_திருச்சி
ஆகும். ஹார்மோன் மிஷின் நம்பரையே அது மாத்திக் காட்டும், தைராய்டு, கார்டிசோல் ரெண்டுலயும். பயோட்டின நிறுத்திட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு எட்டு மணிக்குப் போங்க.