சும்மா இருக்கும்போதே சிபியு 35 சதவீதம், யாராவது உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டு கம்ப்யூட்டர் ஒரு வாரமாகப் படுத்துகிறது. விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், ஐந்து வருடப் பழசு. எதையும் திறக்காமல் சும்மா விட்டாலும் ஃபேன் மிக்சி மாதிரி இரைகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 30, 35 சதவீதத்திலிருந்து இறங்குவதே இல்லை.

வைரஸ் என்று நினைத்து முழு ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், பட்டியலில் மேலே நிற்பது 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்'. அது தனி புரோகிராம் இல்லை, ஹார்டுவேர் பிராசஸரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதன் கணக்கு என்பது வரை தெரியும். அதனால் யுஎஸ்பியில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கீபோர்டு, பிரிண்டர், ஒரு மாற்றமும் இல்லை. வெப்கேமை எடுத்ததும் சட்டென்று 4க்கு இறங்கியது! சந்தோஷமாக டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் மறுபடி 32.

ஆடியோ, ஈத்தர்நெட் இரண்டையும் டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்தும் பார்த்தாயிற்று. சேஃப் மோடில் (ஹார்டுவேரை இயக்கும் டிரைவர் மென்பொருள்களில் அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) மட்டும் சமர்த்தாக இருக்கிறது. அப்படியானால் ஏதோ டிரைவர்தானே? எது என்று பிடிக்க லேட்டன்சிமான் என்ற புரோகிராம் போதுமா, வேறு வழி உண்டா? பயாஸை, அதாவது மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்யச் சொல்கிறார் கடைக்காரர். பாதியில் கரண்ட் போனால் கம்ப்யூட்டரே கிளம்பாமல் போகலாம். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யுபிஎஸ்ஸும் கிடையாது. அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இதே தொல்லையைப் பட்டவர்கள் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.