புதுப்பிப்பு: ஜூலையில் எல்க் மான் படம் தேறியது (ராக்கி மலை தேசியப் பூங்கா, கொலராடோ)

எல்க் மான்கள் இணைசேரும் செப்டம்பர், அக்டோபரில் லீவு கிடைக்காது, ஜூலையில் போனால் படம் தேறுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாயிற்று.

முதல் நாள் என் பிடிவாதம். கீழே மொரெய்ன் பார்க் புல்வெளியில் காத்திருந்தது வீண். "கோடையில் மந்தை மேலே ஏறிவிடும், மரமே வளராத உயரத்துக்குப் போங்கள்" என்று நீங்கள் சொன்ன யோசனைதான் பலித்தது. மறுநாள் விடியும்போது டிரெயில் ரிட்ஜ் சாலையில், 3,595 மீட்டர் உயரத்திலுள்ள ஆல்பைன் பார்வையாளர் மையத்தில் நின்றேன். கீழே கிண்ணம் போன்ற பள்ளத்தில், பனித்திட்டுப் பக்கமாக ஏழு ஆண் மான்கள் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றாக மேய்ந்தன. சூரியன் நேரெதிரே. கொம்பை மூடியிருந்த மென்மயிர்த் தோலின் விளிம்பு சரிகை வைத்ததுபோல் மின்னியது. செப்டம்பருக்குள் அந்தத் தோல் உரிந்துவிடும், அப்போது போனால் இந்தப் படம் கிடையாது.

தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 600 எம்எம் லென்ஸைவிட, அகலமாகப் பிடிக்கும் 70-200 எம்எம் லென்ஸ்தான் உதவியது; படத்தில் மலையும் சேர்ந்து வந்தது.

எதிர்பாராதது ஒன்று. காருக்குள்ளிருந்து எடுத்த படமெல்லாம் மங்கல். ஃபோகஸ் கோளாறு என்று அரை மணி நேரம் லென்ஸைத் திட்டினேன். ஹீட்டர் போட்டிருந்ததால் சூடான காற்று ஜன்னல் வழியே அலையடித்ததுதான் காரணம். அதை அணைத்து, இறங்கி நின்று எடுத்ததும் சரியாயிற்று.

அப்புறம், எல்க்கிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்பது அங்கே விதி. மதியத்துக்குமேல் இடிமழை; பதினொன்றுக்கெல்லாம் இறங்கிவிட்டேன்.