நெருக்கடிக் காலமா, பதப்பருவமா?

வணக்கம் ஐயா,

குழந்தையின் பார்வை வளரும் குறிப்பிட்ட காலத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் critical period எனப்படுவதற்கு, 'நெருக்கடிக் காலம்' என்று நீங்கள் தந்த சொல் எனக்கு ஒப்பவில்லை. படிப்பவர் ஏதோ ஆபத்து என்று நினைத்துவிடுவார். எல்லாக் குழந்தைக்கும் இயல்பாக நடக்கும் வளர்ச்சி அல்லவா இது? 'மாறுநிலைக் காலம்' என்றால் இயற்பியலின் மாறுநிலை வெப்பநிலை (critical temperature) வந்து குறுக்கே நிற்கிறது.

சோதனையிலிருந்தே சொல்லைத் தேடுவோம். 1960களில் ஹார்வர்டில் நரம்பியல் ஆய்வாளர்கள் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் இமையைத் தைத்து மூடி வைத்தார்கள். பிறகு திறந்து பார்த்தால், மூளையில் காட்சியைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியில் உள்ள நரம்பணுக்கள் அந்தக் கண்ணை ஏறக்குறைய மறந்தே விட்டிருந்தன. மூடாத கண்ணின் இணைப்புகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பிறந்த நான்காம், ஐந்தாம் வாரங்களில் மூன்று நான்கு நாள் மூடினாலே மாற்றம் தெரிந்தது. மூன்றாம் மாத முடிவுக்குள், இப்படி மாறிக்கொள்ளும் இளக்கம் போய்விட்டது. வளர்ந்த பூனைக்கு மாதக்கணக்கில் மூடியும் ஒன்றும் ஆகவில்லை.

இதைத்தான் நம் ஊரில் 'பதம்' என்கிறோம். மழை பெய்து ஈரம் சுவறிய மண்ணுக்கு உழவுப் பதம், வெல்லப் பாகுக்குக் கம்பிப் பதம். பதம் தப்பினால் அதே கலப்பை, அதே அடுப்பு, ஆனால் வேலை நடக்காது. ஆகவே என் பரிந்துரை: பதப்பருவம்.

பருவம் ஆண்டுதோறும் திரும்பி வருமே, இது வராதே என்று கேட்டிருந்தீர்கள். மழைப்பருவம் திரும்பும், பிள்ளைப்பருவம் திரும்பாது. இரண்டாவது பொருளில்தான் சொல்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. பதம் கதவு மாதிரி பட்டென்று மூடுவதில்லை, மெல்ல இறுகுகிறது. பிறவிக் கண்புரையோடு வளர்ந்து, பல ஆண்டு கழித்து அறுவை செய்துகொண்ட குழந்தைகளை நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தார் வட இந்தியாவில் ஆராய்ந்தார்கள். கூர்மை முழுதாக வராவிட்டாலும், பொருள்களைப் பிரித்தறியப் பலர் கற்றுக்கொண்டார்கள். 'இறுதிக் காலம்' போன்ற சொல் அந்தக் குழந்தைகளுக்கு அநியாயம்.

சிறுவயதில் பார்வை சரியாக வளராத கண்ணை 'சோம்பேறிக் கண்' (lazy eye) என்னும் வழக்கையும் கைவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தக் கண் சோம்பவில்லை. பதப்பருவத்தில் அதற்குத் தெளிவான காட்சியோ, மற்றக் கண்ணோடு இசைந்த காட்சியோ கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 'பின்தங்கிய கண்' என்று எழுதலாமா?

பயன்படாத நரம்பிணைப்புகள் உதிர்வதற்குத் தோட்டக்காரர் கிளை நறுக்குவதைச் சொல்லும் 'கவாத்து' பொருந்துமா என்பதையும் சொல்லுங்கள். கவாத்தில் வெட்டுவது மனிதக் கை. இங்கே எதை வெட்டுவது, எதை விடுவது என்பதைப் பயன்பாடே தீர்மானிக்கிறது. அந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம்.