1997ல எழுதின ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங், கணக்கு டேலி ஆக மாட்டேங்குது, பழைய ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?

மஞ்சள்மாநகரத்தான்:

வணக்கங்க. ஈரோட்ல ஒரு ஜவுளி மொத்தக்கடைல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். படிச்சது பி.காம் தானுங்க, ஆனா கடைல பிரிண்டர் ஓடலைன்னாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க, அதனால ஐடி டிபார்ட்மெண்ட்டும் நானே. ஜிஎஸ்டி வந்ததுலருந்து பில்லெல்லாம் டாலி (Tally) சாஃப்ட்வேர்ல போடறோம், அதுக்கு முந்தின பார்ட்டி கணக்கு அத்தனையும் 1997ல யாரோ எழுதிக்குடுத்த டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவுலயே (பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) கெடக்குது. அது ஓடற எக்ஸ்பி மெஷின் இப்பவோ அப்பவோன்னு இருக்கு, புது 64 பிட் விண்டோஸ்ல அது தொறக்கவே தொறக்காதுன்னுட்டாங்க. எழுதினவரு எங்க இருக்காருன்னே தெரியல.

ஃபிரெண்டு ஒருத்தன் பைத்தான்ல சின்னதா ஒரு புரோகிராம் எழுதி அந்த டிபிஎஃப் ஃபைலை (ஃபாக்ஸ்ப்ரோ டேட்டா இருக்கற ஃபைலு) நேரா படிச்சு எக்ஸெல்லா மாத்திக் குடுத்தான். சரி பாக்கறதுக்கு 1998-99 வருசத்த எடுத்தேன், ஏன்னா அந்த வருசத்து சேல்ஸ் ரிஜிஸ்டர் மட்டும் பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி பரண்ல இருந்துச்சு (ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட நீளப் பேப்பருங்க, இன்னும் மை அழியல). எக்ஸெல் டோட்டல் பிரிண்ட்ட விட 41,187 ரூபா 50 காசு அதிகம். மூணு நாளா மண்டை காயுது. மொதலாளி "எல்லாம் கம்ப்யூட்டர்ல தான இருக்குது, மாத்தறதுக்கு என்ன"ங்கறாரு.

இன்னொண்ணும் கேக்கணும். கார்டு, ஃப்ளாப்பின்னு எல்லாத்தையும் பாத்தவங்க இங்க இருக்கீங்கன்னு தெரியும், ஒவ்வொரு தடவையும் எப்படிங்க இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் தாண்டினீங்க?

---

பஞ்ச்கார்டு பாட்டி:

தம்பி, கேட்டுட்டீங்க, நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

1974ல மெட்ராஸ்ல ஒரு டேட்டா சென்டர்ல பஞ்ச் ஆபரேட்டரா சேந்தேன், அப்ப எனக்கு 19 வயசு. ஒரு கார்டுல 80 காலம் (column, நெட்டு வரிசை). நான் ஒரு தடவை அடிச்ச கார்ட வெரிஃபையர்னு இன்னொரு மெஷின்ல உக்காந்திருக்க பொண்ணு திரும்ப முதல்லருந்து அடிப்பா, ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா கார்டோட வலது ஓரத்துல ஒரு வெட்டு விழும், தப்புன்னா எந்தக் காலத்துல தப்போ அதுக்கு நேர் மேல வெட்டு விழும். அதனால யார் தப்பு பண்ணாங்கன்னு மறைக்கவே முடியாது, சாயந்தரம் சூப்பர்வைசர் வெட்டு எண்ணுவார். கார்டுக் கட்டு கீழ விழுந்தா உயிரே போயிரும். அதுக்காக கட்டோட மேல்பக்கம் மார்க்கர்ல குறுக்க சாய்வா ஒரு கோடு இழுத்து வெப்போம், சிதறினாலும் கோட்டைப் பாத்து ஓரளவு அடுக்கிடலாம்.

1978ல ஐபிஎம் இந்தியாவ விட்டுப் போச்சு. கம்பெனி போனாலும் மெஷின் போகல, சிஎம்சின்னு கம்ப்யூட்டர் பராமரிக்கற அரசு கம்பெனி ஆளுங்க வந்து பாத்துக்கிட்டாங்க, நாங்க அதே கார்டுதான் அடிச்சோம். அந்த வருஷங்கள்ல தான் சாயந்தர வகுப்புல கோபால் (COBOL, புரோகிராம் எழுதற மொழி) படிச்சேன், ஏழாவது காலத்துல நட்சத்திரம் போட்டா கமெண்ட், எட்டுல ஆரம்பிக்கணும், எழுபத்திரண்டத் தாண்டக் கூடாதுன்னு இன்னைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டா சொல்லுவேன்.

கல்யாணமாகி கோயமுத்தூர் வந்து ஒரு மில்லுல ஈடிபி செக்ஷன்ல (கம்ப்யூட்டர் பிரிவு) சேந்தேன். அங்கதான் நான் உருப்படியா எதாவது கத்துக்கிட்டேன்னு சொல்லணும். சம்பளக் கணக்கு. அடிப்படை, பஞ்சப்படி, அரை ஷிப்ட்டு, கேன்டீன் பிடித்தம், சொசைட்டி லோன் பிடித்தம். பஞ்சப்படி விலைவாசி குறியீட்டு எண் ஏறினா ஏறும், எறங்கினா எறங்கும், அந்த எண் வர்றதுக்குள்ள தேதி 3 ஆயிரும், 7ந்தேதி சம்பளம் குடுத்தாகணும். சில்லறைப் பிரச்னைக்காக ரூபாய்க்கு ரவுண்டு பண்ணிட்டு மிச்சப் பைசாவ அடுத்த மாசத்துக்கு கொண்டு போவோம். எல்லாம் காசாத்தான், கவர்ல போட்டு.

இந்தக் கவருக்குத்தான் டினாமினேஷன் லிஸ்ட்டுன்னு ஒண்ணு. மொத்தம் இத்தனை லட்சம்னு பேங்க்ல வாங்கிட்டு வந்தா ஆகாது, ஒவ்வொரு கவருக்கும் நூறு எத்தனை, அம்பது எத்தனை, பத்து எத்தனைன்னு போட்டுக் கூட்டி அப்படி நோட்டு வாங்கணும். நான் ரொம்ப சாமர்த்தியமா, இருக்கறதுலயே கொறஞ்ச நோட்டு வர்ற மாதிரி புரோகிராம் எழுதினேன். ஒரு பைசா தப்பில்ல. சம்பளத்தன்னைக்கு மில் வாசல்ல ரகளை! எல்லார் கவர்லயும் நூறு ரூபா நோட்டாவே இருக்கு, டீக்கடைக்காரர், கடன் குடுத்தவர், பஸ் கண்டக்டர் யார்கிட்டயும் சில்லறை இல்ல. கேஷியர் கையால போடறப்ப ஒவ்வொரு கவருக்கும் நூறு ரூபாய்க்காவது பத்து ரூபா நோட்டா வெச்சுக்கிட்டு வந்திருக்காரு, இருபது வருஷமா. அது எந்த லெட்ஜர்லயும் இல்ல. கேட்டா "நீ கேக்கலையேம்மா"ன்னார்.

அதுக்கப்புறம் எந்த வேலைய எடுத்தாலும் முதல்ல போய் கையால எழுதறவர் பக்கத்துல ஒரு மாசம் உக்காந்துருவேன். மூணு மாசம் கையாலயும் மெஷின்லயும் ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துட்டுதான் லெட்ஜர மூட விடுவேன். மெஷின் மாறுச்சு, கார்டு போய் ஃப்ளாப்பி, பிசி, டிபேஸ்... அதெல்லாம் ஆறு மாசத்துல கைக்கு வந்துரும் தம்பி.

ஒய்2கே (வருஷத்த ரெண்டு இலக்கத்துல வெச்சதால வர்ற கோளாறு) கூட 2000த்துல வரல எங்களுக்கு. 1942ல பொறந்தவருக்கு 58 வயசுல ரிட்டயர்மெண்ட், அப்போ வருஷம் 00, அதனால 1996லயே அவரோட லோன் தவணை மைனஸ்ல போச்சு. அத நான் சரி பண்ணி வெச்சிருந்தத வெச்சுத்தான் 44 வயசுல மறுபடி சென்னைல கோபால் வேலை கிடைச்சுது. எஸ்ஏபின்னு பெரிய கம்பெனிக் கணக்கு சாஃப்ட்வேர் வந்தப்ப அம்பது தாண்டிட்டேன், டை கட்டின பசங்க வந்தாங்க, அந்தக் கதை வேணாம் விடுங்க.

உங்க வித்தியாசத்துக்கு: இப்ப இருக்க எக்ஸெல்ல விட அந்தப் பேப்பர நம்புங்க. அத வெச்சு யாரோ வரி கட்டியிருக்காங்க.

---

லெட்ஜர் அண்ணாச்சி:

பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு. நான் பேங்க்ல கிளார்க்கு, இப்ப ரிட்டயர்டு. பேங்க்ல கம்ப்யூட்டர் கொண்டு வரணும்னு ரங்கராஜன் கமிட்டி 1984ல ரிப்போர்ட் குடுத்து, அப்புறம் கொஞ்ச வருஷத்துல எங்க பிராஞ்சுக்கு ஏஎல்பிஎம்னு லெட்ஜர்ல வரவு செலவு ஏத்துற ஒரு மெஷின் வந்துச்சு. யூனியன்ல கொடி பிடிச்சதும் நாந்தான், அப்புறம் அதுல உக்காந்து போஸ்ட்டிங் போட்டதும் நாந்தான், சிரிக்காதிய.

எஸ்பி (சேமிப்புக் கணக்கு) லெட்ஜர ஏத்துறப்பதான் கூத்து. மாசாமாசம் பேலன்சிங்ல "வித்தியாசம் இவ்ளோ"ன்னு எழுதி கொண்டு போய்ட்டே இருந்திருக்காவ, ஏழெட்டு வருஷமா. மெஷினு அந்த மாதிரி தாட்சண்யம் பாக்காது, டேலி ஆனாத்தான் ஏத்திக்கிடும். ஞாயித்துக்கிழமையெல்லாம் உக்காந்து தேடினோம். வட்டியும் அப்ப பத்தாந்தேதிலருந்து மாசக்கடைசி வரைக்கும் உள்ள கொறஞ்ச பேலன்சுக்குத்தான், தினப்படி பேலன்சுக்கு வட்டின்னு ஆனது 2010 ஏப்ரல்லதான். அதனால கண்ணால ஒரு ஓட்டம் பாத்தே வட்டி சொல்லிருவோம்.

வித்தியாசம் வந்தா முதல்ல ஒன்பதால வகுத்துப் பாருங்க, மீதி இல்லாம போச்சுன்னா 54க்கு 45ன்னு எங்கயோ எலக்கம் மாத்தி எழுதியிருக்கலாம். உங்களது போகலன்னு நெனக்கேன்.

---

டாட் பிராம்ப்ட்:

அண்ணாச்சி அது மனுசன் கையால எழுதினாத்தான், இது டிபிஎஃப் 😄

ப்ரோ, 90கள்ல நானும் இதே மாதிரி ஊர் ஊரா கடைக்கு ஃபாக்ஸ்ப்ரோ எழுதிக்குடுத்தவன்தான் (உங்களுது நான் இல்ல, நான் கரூர் சைடு). உங்க ஃபிரெண்ட்ட ஒண்ணு கேளுங்க, ஒவ்வொரு ரெக்கார்டோட முதல் பைட்ட பாத்தாரான்னு. அங்க ஸ்பேஸ் இருந்தா உயிரோட இருக்கு, நட்சத்திரம் இருந்தா டெலீட் பண்ணினது. ஃபாக்ஸ்ப்ரோல டெலீட் அடிச்சா அழியாது, சும்மா குறி போடும், பேக்னு கமாண்ட் குடுத்தாத்தான் நெஜமா போகும். நாங்க யாரும் பேக் குடுக்கவே மாட்டோம், ஃபைல திரும்ப எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா அடுத்த நாள் கடைக்காரர் நம்ம வீட்டு வாசல்ல நிப்பார். அதனால "SET DELETED ON"னு ஒரு வரி போட்டு மறைச்சிட்டு போயிருவோம். பைத்தானுக்கு அது தெரியாதுல்ல.

அப்படியே தேதியையும் பாருங்க, உள்ள நாலு இலக்க வருசமாத்தான் சேவ் ஆகும், ஆனா திரைல ரெண்டு இலக்கம் அடிச்சிருந்தா 2001 பில்லு 1901னு போய் உக்காந்திருக்கும். நானே ரெண்டு கடைல பாத்திருக்கேன்.

---

மஞ்சள்மாநகரத்தான்:

டாட் பிராம்ப்ட் அண்ணா, நீங்க தெய்வம்ங்க. நட்சத்திரம் போட்ட பில்லு 17 இருந்துச்சு, மொத்தம் 41,500. எல்லாம் சரக்கு திரும்பி வந்த பில்லு போல. அத எடுத்துட்டேன். ஆனா இப்ப தலைகீழா ஆயிருச்சு, பிரிண்ட்டுதான் 312 ரூபா 50 காசு அதிகம்! 1901ல ஒரு முப்பது பில்லும் சிக்குச்சு, அது வேற வருசம், அப்புறம் பாத்துக்கறேன்.

---

பஞ்ச்கார்டு பாட்டி:

அந்த வருஷம் மொத்தம் எத்தனை பில்லு தம்பி? அதால வகுங்க.

---

மஞ்சள்மாநகரத்தான்:

1,250 பில்லுங்க. வகுத்தா சுளையா 25 காசு வருது!!

ஒடனே வண்டிய எடுத்துட்டு பழைய கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனேன், அவருக்கு 80 தாண்டிருச்சு, காது வேற சரியா கேக்காது. 25 காசுன்னு கத்தினதும் "மகமை"ன்னார். மாரியம்மன் பண்டிகைக்காக பில்லுக்கு கால் ரூபா சேத்து வாங்குவாங்களாம், சாஃப்ட்வேர் எழுத வந்தவர்ட்ட அது வியாபாரக் காசு இல்ல, கணக்குல சேக்காதீங்க, பிரிண்ட்ல மட்டும் வரட்டும்னு இவரே சொல்லியிருக்காரு. அதான் ஃபைல்ல இல்ல, பேப்பர்ல இருக்கு.

கெளம்பறப்ப இன்னொண்ணு சொன்னாருங்க, நடுவுல ஒரு வருசம் அத எட்டணாவா ஆக்கினாங்களாம். எந்த வருசம்னு அவருக்கு நெனப்பு வரல. மத்த ரிஜிஸ்டர் எதாவது சிக்குமான்னு மறுபடி பரண் ஏறியிருக்கேன், இத அங்க உக்காந்துதான் டைப் பண்றேன்.