மாநகராட்சி மைதானத்தை டர்ஃப் ஆக்கி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கிழக்குத் தெரு:
எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மாநகராட்சித் திடல் ஒன்று இருக்கிறது. வெறும் புழுதிதான், மழை பெய்தால் குளம், ஆனால் சாயங்காலமானால் நாலு டீம் குறுக்கும் நெடுக்குமாக ஆடும், ஒருத்தன் பந்தை இன்னொருத்தன் ஆட்டத்துக்குள் புகுந்து பொறுக்கிக்கொண்டு வருவான். போன வருஷம் செயற்கைப் புல் போட்டு, பச்சை வலை கட்டி, ஃப்ளட்லைட் வைத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் பராமரிப்பு என்று ஒப்பந்தக்காரர் வந்தார். இப்போது ஆப்பில் புக் செய்தால்தான் உள்ளே விடுவார்கள், மணிக்கு 800 ரூபாய், ஷூ கட்டாயம். கேட்டில் ‘பொதுமக்களுக்கு இலவசம்: பகல் 11 முதல் 3 வரை’ என்று கொட்டை எழுத்தில் போர்டு. அந்த நேரத்தில் அந்த பிளாஸ்டிக் புல்லில் வெறுங்காலை வைத்தால் கொப்பளித்துவிடும். பசங்க இப்போது ரேஷன் கடைச் சந்தில் ஆடுகிறார்கள், ஆட்டோ வரும்போதெல்லாம் ஸ்டம்பைத் தூக்க வேண்டும். இதைச் சட்டப்படி கேட்க முடியுமா?

ரெண்டாவது மாடி:
திட்டாதீர்கள், நான் அந்த மாதிரி டர்ஃபில் காசு கொடுத்து ஆடுகிறவன். எங்கள் ஏரியாவில் இலவசமாக இருந்த மைதானத்தில் ராத்திரியானால் குடி, காலையில் பாட்டில் பொறுக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். வாட்ச்மேன், லைட், கரண்ட் பில் எல்லாம் யார் கட்டுவது?

பழைய கோல்கீப்பர்:
ரெண்டாவது மாடி சார், அதற்குத்தானே சொத்து வரி கட்டுகிறோம். வாட்ச்மேன் வேண்டும் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற ஊரில் சாயங்காலம் 5 முதல் 9 வரைதான் மைதானத்துக்கு உயிர், அதை முழுசாக ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு உச்சி வெயிலை இலவசம் என்றால் அது கிண்டல்.

கிழக்குத் தெரு, மனசை விடாதீர்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டது, ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய். பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200, வடசென்னைப் பையன் எங்கே போவான்? எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே வாபஸ் வாங்கிவிட்டார்கள். கோர்ட் வரைக்கும்கூடப் போகவில்லை, சத்தம் போட்டதிலேயே முடிந்தது.

மனு மன்னன்:
சத்தமும் போடுங்கள், கூடவே காகிதமும் சேருங்கள். முதலில் அந்த நிலம் யாருடையது, எதற்காக ஒதுக்கியது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவு என்றால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஓஎஸ்ஆர் என்பார்கள். உங்களுடையது அந்த வகையாக இருந்தால் தானப் பத்திரத்திலேயே நோக்கம் எழுதியிருக்க வாய்ப்புண்டு.

அடுத்து ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் கொடுத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அதற்குச் சுற்றி வளைத்து எதையாவது எழுதி அனுப்புவார்கள். மன்றத் தீர்மான நகல், ஒப்பந்த நகல், அதில் கட்டணமும் இலவச நேரமும் என்ன என்று மட்டும் கேளுங்கள். போர்டில் இருப்பதும் ஒப்பந்தத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

கோர்ட் என்றால் 1991 பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கைப் படியுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அக்கம்பக்கத்தார் எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஆனால் அங்கே பயன்பாடே மாறியது, இங்கே விளையாட்டுதானே நடக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரியிலேயே கேட்பார். அதனால் கட்டணத்தையும் நேரத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள், அதில்தான் பிடி இருக்கிறது.

ரெண்டாவது மாடி:
சரி, அந்த 11 முதல் 3 போர்டு அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் பாதி ஸ்லாட் இலவசம், பாதி காசு என்று கேட்டுப் பாருங்களேன்.

கிழக்குத் தெரு:
நன்றி. பாதிக்குப் பாதி என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பெண்கள் டீம் வேறு ஒரு மணி நேரமாவது தனியாக வேண்டும் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம். மனு மன்னன் சார், ஆர்டிஐ மனுவுக்கு மாதிரி ஏதாவது இருந்தால் இங்கேயே போடுங்கள்.