கன்னியாகுமரி மட்டும் ஏன் தனி வழியில் ஓட்டுப் போடுது?

சேலத்துக்காரன்:
வேலை மாறி நாகர்கோவில் வந்து எட்டு மாசம் ஆச்சு. எங்க ஊர்ல சூரியனா இரட்டை இலையாங்கிறதோட பேச்சு முடிஞ்சிடும். இங்க டீக்கடையில கையா தாமரையான்னு சண்டை, நடுவுல ஒருத்தர் மார்க்சிஸ்ட் கணக்கு சொல்றார். 2016-ல ஜெயலலிதா ஆட்சியைத் தக்க வச்சப்பகூட இந்த மாவட்டத்து ஆறு தொகுதியில ஒண்ணுகூட அ.தி.மு.க.வுக்குக் கிடைக்கலையாம். இது எப்ப இருந்து? மதம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாம, கூட இருந்து பார்த்தவங்க சொல்லுங்களேன்.

பழைய அச்சு:
தம்பி, எனக்க அப்பா தொடுவெட்டியில அச்சாபீஸ் வச்சிருந்தார். போர்டுல மார்த்தாண்டம்னு இருக்கும், வயசானவங்க இன்னும் தொடுவெட்டிம்பாங்க. அப்பாவுக்கு அப்புறம் நான் நடத்தினேன். தேர்தல் நோட்டீஸ்தான் எங்களுக்கு அறுவடை.

1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க சென்னை மாகாணமே இல்ல, திருவிதாங்கூர்-கொச்சி. 1938-ல அங்க இந்தி எதிர்ப்பு நடந்தப்ப இங்க அந்தச் சூடு கிடையாது. எங்க சண்டை தமிழ்நாட்டோட சேரணும்னு. எங்க தலைவர் நேசமணி. கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954 ஆகஸ்ட் 11 புதுக்கடையிலயும் மார்த்தாண்டத்துலயும் துப்பாக்கிச் சூடு நடந்த அன்னைக்கு அச்சாபீஸ் கதவை உள்ளருந்து பூட்டிட்டு உக்காந்திருந்ததா அப்பா சொல்வார். இணைஞ்ச பிறகு அந்தக் கட்சி காங்கிரஸ்ல கரைஞ்சது. திராவிடக் கட்சிக்காரங்க மேடை போட வந்தப்ப எங்க ஆளுங்க மனசுல இடம் ஏற்கெனவே நிறைஞ்சிருந்தது. 1967-ல மாநிலம் முழுக்க தி.மு.க. அடிச்ச அலையிலயும் நாகர்கோவில் நாடாளுமன்றத்துக்கு நேசமணி ஜெயிச்சார். மறுவருஷம் அவர் இறந்ததும், விருதுநகர்ல தோத்திருந்த காமராஜரை 1969 இடைத்தேர்தல்ல டெல்லிக்கு அனுப்பினது இதே தொகுதிதான்.

எங்க அலமாரியில சின்னங்களுக்கு மரக்கட்டையில அடிச்ச பிளாக் இருக்கும். முதல்ல காங்கிரஸுக்கு இரட்டைக் காளை. கட்சி உடைஞ்சதும் 1971-ல காமராஜருக்கு ராட்டை நூற்கும் பெண். பிறகு கை. அந்தக் கையில டென்னிஸ்னு ஒருத்தர் நாடாளுமன்றத்துக்கு நாலு தடவை ஜெயிச்சார். 1996-ல மூப்பனார் தனிக்கட்சி ஆரம்பிச்சதும் அதே டென்னிஸ், சைக்கிள்ல நின்னு ஜெயிச்சார், 1998-லயும் சைக்கிள். நோட்டீஸ்ல பேரைக்கூட மாத்தல, பிளாக்கை மட்டும் மாத்தி ஓட்டினேன். கட்சி விசுவாசம்னு நீங்க சொல்றது என்னன்னு எனக்கு அன்னைக்குச் சந்தேகம் வந்தது.

தாமரைக்கு 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகுதான் ஆர்டர் கூடினது. அதுக்கு முன்னாடி ரெண்டு தரப்புலயும் பலபேர் ஒரே காங்கிரஸ் நோட்டீஸை வாங்கிட்டுப் போனவங்கதான். 1996-ல பத்மநாபபுரத்துல வேலாயுதன் ஜெயிச்சார், தமிழ்நாட்டுக்கே முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. 1999-ல பொன்.ராதாகிருஷ்ணன் எம்.பி.

மார்க்சிஸ்ட் கணக்கு சொல்றவர் மேற்குப் பக்கத்துக்காரரா இருப்பார். ரப்பர் தோட்டம், முந்திரி ஆலைன்னு சங்கம் வேர்விட்ட இடம். விளவங்கோடு தொகுதியும், இப்ப இல்லாமப் போன திருவட்டாறு தொகுதியும் 2006-லகூட அவங்களைத்தான் அனுப்பிச்சு.

கடலோரத்தான்:
அண்ணாச்சி சொன்னதெல்லாம் ரோட்டுக்கு மேலே நடந்த கதை. கரையில வேற. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவங்க வருவாங்கன்னு டிசம்பர் முழுக்க மணல்லயே கிடந்தோம். அவங்களைத் தேடச் சொல்லி குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்த கூட்டத்துல நானும் ஒருத்தன். எனக்கு அதுவரை ஓட்டு ஒரு சடங்கு, அப்பா சொல்ற சின்னத்துல அமுக்குவேன். 2019-ல எங்க ஊர்ல யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கல. காங்கிரஸ் வசந்தகுமார் ரெண்டரை லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார்.

வடசேரிச் சந்தை:
எல்லாரும் கோயிலும் சர்ச்சும்னு பேசுறீங்க. டவுன்ல எம்.ஆர்.காந்திக்கு 2021-ல ஓட்டுப் போட்ட எல்லாருமா தாமரைக்காரன்? பலதடவை தோத்தும் செருப்பில்லாம அதே தெருவுல நடந்தவர்னு போட்டவங்க எங்க வீட்டுலயே உண்டு. அந்த வருஷம் ஆறு தொகுதியில காங்கிரஸ் மூணு, தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க. ஆளுக்கு ஒண்ணு.

சேலத்துக்காரன்:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். நாடாளுமன்றத்துக்கு 2004-ல மார்க்சிஸ்ட், 2009-ல தி.மு.க., 2014-ல பா.ஜ.க., 2019-ல காங்கிரஸ். நாலு தேர்தல், நாலு கட்சி. அவ்வளவு வேகமாவா ஜனங்க மனசு மாறுது?

பழைய அச்சு:
மனசு எங்க மாறினது! தாமரைக்கு ஒரு ஓட்டு உண்டு, அது பெருசா சிந்தாது. மத்தவங்க ஒண்ணா நின்னா யாரு சின்னம்னு பார்க்காம அதுல விழும். 2004-ல மார்க்சிஸ்ட் பெல்லார்மின் அப்படித்தான். 2009-ல மார்க்சிஸ்ட் தனியா நின்னாலும், தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்து நின்னதுல ஹெலன் டேவிட்சன் ஜெயிச்சாங்க. 2014-ல தி.மு.க., காங்கிரஸ், மார்க்சிஸ்ட், அ.தி.மு.க. எல்லாம் தனித்தனியா நின்னாங்க, தாமரை வந்துட்டுது.

வடசேரிக்காரர் சொன்னதும் சரிதான், நான் மறுக்கல. டென்னிஸ் கதையும் அதேதானே. அச்சாபீஸை மூடி வருஷமாச்சு, இப்ப ஃப்ளெக்ஸ் காலம். பிளாக் எல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். காளை மட்டும் வீட்டுல கிடக்கு, பேரன் சுவத்துல மை அப்பி விளையாடுறான்.